ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு இதை எந்தச் சொல்லில் சொல்வது? (கடலூர்ப் பக்கம்)

கெடிலக்கரை | திங்கள், இரவு 9:12

வணக்கம். கடலூரிலிருந்து அரைமணி நேர பஸ் தூரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பதினேழு வருட சர்வீஸ். ஊர் பேர் வேண்டாம்.

போன வாரம் கிராம சுகாதார செவிலியர் வந்து எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை ஹாலில் உட்கார வைத்து மாதவிடாய், நாப்கின், ரத்தசோகை எல்லாம் முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். அந்த முக்கால் மணி நேரமும் பையன்களை பி.டி. வாத்தியார் தலையில் கட்டிக் கிரவுண்டுக்கு அனுப்பிவிட்டோம். ஹால் ஜன்னலையும் சாத்தினோம், எட்டிப் பார்ப்பான்கள் என்று.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தன், ஒரு பெண்பிள்ளை பையிலிருந்து நாப்கினை எடுத்து டஸ்டர் மாதிரி கரும்பலகையைத் துடைத்துக் காட்டியிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தப் பெண் அன்று மதியம் வீட்டுக்குப் போனவள், இன்னும் பள்ளிக்கு வரவில்லை. பையனைக் கூப்பிட்டு, "அது என்னன்னு தெரியுமாடா?" என்றேன். "காயத்துக்கு வைக்கிற பஞ்சு சார்" என்றான். நடிக்கிறானா என்று கொஞ்ச நேரம் மூஞ்சியைப் பார்த்தேன். நடிக்கவில்லை. அடிக்க ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தலைமையாசிரியை, "பையன்களுக்கு நீங்களே ஒரு பீரியட் எடுங்க சார்" என்றார். சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து உட்கார்ந்தால் முதல் வரியே ஓடவில்லை. எந்தச் சொல்லில் பேசுவது? பாடம் தெரியாமலில்லை. பத்தாம் வகுப்பு இனப்பெருக்கப் பாடம் வருஷா வருஷம் நடத்துகிறேன். உண்மையைச் சொன்னால், செம்பருத்திப் பூவை நெடுக வெட்டி மகரந்தம் காட்ட நாலு பீரியட் எடுப்பேன். மனிதப் படம் வந்ததும், "இதை நீங்களே படிச்சுக்கோங்க, படம் வரைஞ்சு பழகுங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன். பதினேழு வருஷமும் அப்படித்தான்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை கடைசிப் பீரியட் எனக்கு.

சும்மாபடிப்பவன் | திங்கள், இரவு 9:30

எங்க வாத்தியாரும் அந்தப் பாடத்துக்குத்தான் லீவு போடுவார் சார். நீங்க பக்கமாவது புரட்டியிருக்கீங்க.

இரவுப்பணி | செவ்வாய், காலை 6:05

நைட் முடிந்து டீ குடித்துக்கொண்டே எழுதுகிறேன். புதுச்சேரியில் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியர்.

சார் கேட்டிருப்பது சரியான கேள்வி. எங்கள் வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பதினாலு வயசுப் பையனை அவன் அம்மா கூட்டிவந்தார். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து "வயித்து வலி" என்று சுருண்டு படுத்திருக்கிறான். ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார், தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவியிருக்கிறார். டாக்டர் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு நேராகக் கேட்ட பிறகுதான் வலி வயிற்றில் இல்லை என்று வந்தது. விதைப்பைக்குள் விதை முறுக்கிக்கொண்டிருந்தது. ரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆறு மணி நேரத்துக்குள் வந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அவன் வந்தது பதினெட்டு மணி நேரம் கழித்து. ஒரு பக்கத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"ஏன்டா தம்பி அம்மாகிட்ட சொல்லலை?" என்று அப்புறம் கேட்டேன். "எப்படிக்கா சொல்றது?" என்றான். அவனுக்குச் சொல் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா சொன்ன "குஞ்சு" அவன் வயசுக்கு அசிங்கம். தெருவில் தெரிந்த மற்றதெல்லாம் கெட்ட வார்த்தை. புத்தகத்தில் இருக்கும் ஆண்குறி, விந்தகம், விதைப்பை எதையும் யாரும் வாயால் சொல்லி அவன் கேட்டதில்லை. அதனால் வயிறு என்றான்.

ஆகவே சார், முதல் காரியமாகப் புத்தகச் சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் இரண்டு தடவை சிரிப்பார்கள். மூன்றாவது தடவை அடங்கிவிடும். இரண்டாவது, ஒரு டப்பா வையுங்கள். பேர் போடாமல் சீட்டு எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் கேட்க இல்லாதவனும் "ஒன்றுமில்லை" என்று எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் எழுதுகிறவன் யார் என்று தனியாகத் தெரியாது.

பையன்களுக்கு இது எதற்கு என்று யாராவது கேட்டால்: மத்திய அரசின் வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 2014 ஜனவரி 7-ல் தொடங்கியது. 10 முதல் 19 வயது வரை, ஆண் பெண் இருவருக்கும். வாரா வாரம் கொடுக்கிற அந்த நீல இரும்புச்சத்து மாத்திரைகூட அரசுப் பள்ளிப் பையன்களுக்கும் சேர்த்துத்தான். 2020-ல் வந்த பள்ளி சுகாதாரத் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர், முடிந்தவரை ஓர் ஆண் ஒரு பெண், இதற்கென்றே பயிற்சி பெற வேண்டும் என்று இருக்கிறது. காகிதத்தில் பையன்கள் இருக்கிறார்கள். ஹாலில்தான் இல்லை.

தூக்கம் வருகிறது. மிச்சம் அப்புறம்.

பாகூர்அப்பா | செவ்வாய், காலை 10:48

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பையன் 13, பொண்ணு 10. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24-ல் சிபிஎஸ்இ-க்கு மாறியதிலிருந்து எந்தப் புத்தகத்தில் என்ன வருகிறது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. தமிழ்நாட்டுப் புத்தகமாவது நான் படித்தது.

குட் டச், பேட் டச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டைச் சிறுமி கொல்லப்பட்டபோது புதுச்சேரியே தெருவில் நின்றது. நானும் நின்றேன். ஆனால் அதற்கு மேலே எதற்கு? தெரியாத வரைக்கும் பிள்ளை சும்மா இருக்கும். தெரிந்தால் அது என்ன என்று பார்க்கத் தோன்றும். எங்களுக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கெட்டா போனோம்?

இன்னொன்று. சொல்லித்தரப் போகிற வாத்தியார் யார், எதுவரைக்கும் சொல்வார், இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரிய வேண்டாமா? என் பிள்ளைதானே.

முந்திரித்தோப்பு | செவ்வாய், மதியம் 1:20

பண்ருட்டிப் பக்கம். வயசு 26. "கெட்டா போனோம்" என்று அண்ணன் கேட்டதால் எழுதுகிறேன். இதுவரை எங்கேயும் சொன்னதில்லை.

பதினைந்து வயசில் தூக்கத்தில் விந்து வெளியேற ஆரம்பித்தது. விடிகிறதுக்கு முன்னால் எழுந்து லுங்கியை நானே துவைத்துப் போடுவேன். "என்னடா திடீர்னு சுத்தம்" என்று அம்மா சந்தோஷப்பட்டது. வகுப்பில் ஒருத்தன் சொன்னான், ஒரு சொட்டு விந்து அறுபது சொட்டு ரத்தம் என்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குக்கு நான் எப்போதோ செத்திருக்க வேண்டும். கண்ணாடியில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தது. அது பரீட்சைக்கு ராத்திரியெல்லாம் விழித்த கன்னம் என்று இப்போது தெரிகிறது.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் கண்ணுக்கு நேராக நோட்டீஸ் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். "இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா?" பரம்பரை வைத்தியர், மாதத்தில் இன்னின்ன தேதியில் இந்த லாட்ஜில் தங்குவார். பலாச் சீசனில் மண்டியில் மூட்டை தூக்கிச் சேர்த்த பணம் 4,200 ரூபாய். மூன்று தவணையில் அந்த ஆளிடம் கொடுத்தேன். ஒரு டப்பா லேகியம், ஒரு பொட்டலம் பொடி. பாலில் கலக்கணும். எங்கள் வீட்டில் பால் டீக்கு மட்டும்தான் வாங்குவோம். கடைசியாகப் போன அன்று, "உனக்குக் கல்யாணமே நடக்காது தம்பி, இன்னும் ஆறு மாசம் சாப்பிடு" என்றான். அன்றைக்கு ராத்திரி தோப்புக் கிணற்று மேட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

காலேஜில் சேர்ந்த பிறகு ஒரு முகாமில் ஒரு டாக்டர், "இது எல்லாப் பையனுக்கும் வரும். வந்தாலும் ஒன்றுமில்லை, வராவிட்டாலும் ஒன்றுமில்லை" என்றார். ஒரே வரி. அதை ஒன்பதாவதில் யாராவது சொல்லியிருக்கலாம்.

இரவுப்பணி | செவ்வாய், மாலை 4:40

தம்பி, எழுதியதற்கு நன்றி. அந்தக் கிணற்று மேடு மாதிரி நினைப்பு இப்போதும் வருகிறது என்றால் 14416-க்குக் கூப்பிடு. மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

உன் நோய்க்கு ஒரு பேரே உண்டு. விந்து போனால் உயிர் போய்விடும் என்ற இந்த பயத்தை "தாத் சிண்ட்ரோம்" என்று மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-ல் பேர் வைத்தார். பயம்தான் நோய், விந்து இல்லை.

பாகூர் அண்ணே, தெரிந்தால் செய்து பார்ப்பார்கள் என்ற பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, உலகம் முழுக்க இருக்கிறது. அதனால்தான் அதை நிறையச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் யுனெஸ்கோ திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டியில் அந்த ஆய்வுகளைத் தொகுத்திருக்கிறார்கள். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததால் பிள்ளைகள் சீக்கிரம் ஆரம்பிக்கவில்லை. சில இடங்களில் தள்ளித்தான் போயிருக்கிறது. தவிர, "தெரியாத வரைக்கும்" என்கிறீர்களே, உங்கள் பையன் கையில் போன் இருக்கிறதா?

பாகூர்அப்பா | செவ்வாய், மாலை 5:02

இருக்கிறது. ஆன்லைன் கிளாசுக்கு வாங்கியது.

பழையபலகை | செவ்வாய், இரவு 8:15

ஓய்வுபெற்ற ஆசிரியன். இந்தச் சண்டை எனக்குப் புதிதல்ல. 2005-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் வந்தது. 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று வரிசையாக வேண்டாம் என்றார்கள். படங்கள் ஆபாசம், பண்பாடு கெடும். பயிற்சிக்குப் போய்வந்த எங்கள் சகா ஒருவர் அந்தப் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி பீரோவில் பூட்டி வைத்தார். ரிட்டையர் ஆகும்போது பீரோவோடு ஒப்படைத்தார்.

நம் ஊர் இதில் ஒன்றும் மோசமில்லை. நாட்டிலேயே முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்தது. மறைக்காமல் வெளியே சொன்னோம். அப்புறம் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவர் முழுக்க எழுதினோம். வகுப்பில் ஒரு வாண்டு, "புள்ளிராஜா யார் சார்?" என்று கேட்டது. நானும் பக்கம் புரட்டியவன்தான், கெடிலக்கரை. வருத்தப்படாதீர்கள்.

லாட்ஜ் வைத்தியர் விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம். சட்டத்துக்கு வயசு எழுபதுக்கு மேல். சுவரில் பசை இன்னும் காயவில்லை.

அலையோரம் | செவ்வாய், இரவு 10:33

நான் கடற்கரைக் கிராமம், தேவனாம்பட்டினம் தாண்டி. மூணு பிள்ளைக்கு அம்மா. எல்லாரும் பையன் பையன் என்கிறீர்கள், பெண்ணுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது போல.

நான் வயசுக்கு வந்தது பள்ளிக்கூடக் கழிப்பறையில். ரத்தப் புற்று என்று நினைத்தேன். அந்த வருஷம் அந்த வியாதியில்தான் ஒரு படத்தில் கதாநாயகி செத்தாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா என் வாயைப் பொத்திவிட்டு, அடுத்த நிமிஷம் மாமா வீட்டுக்கு ஆள் அனுப்பியது. ஓலைக் குச்சு, பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி, பதினோராம் நாள் பத்து ஆம்பளைங்க தோளில் சீர்வரிசைத் தட்டு. இப்போது என் அக்கா மகளுக்கு ஃபிளெக்ஸ் பேனரே வைத்தார்கள். மெயின் ரோட்டில், அவள் படம், கிரீடம் வைத்து, பின்னாடி அருவி. ஊர் மொத்தத்துக்கும் அறிவிப்பு. அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, இது ஏன் வருது, எத்தனை நாள் இருக்கும், எதற்கு டாக்டரிடம் போகணும் என்று ஒருத்தர் சொல்லவில்லை. சொன்னது மூணே மூணு. பூஜை ரூம் போகாதே, வலையைத் தாண்டாதே, பசங்களோடு பேசாதே.

எங்கள் வீட்டில் "தூரம்" என்போம், "தலைக்கு ஊத்திக்கிட்டா" என்போம். அந்தச் சொல்லுக்குள்ளேயே தள்ளி வைப்பது இருக்கிறது பாருங்கள். என் பையன் பத்தாவது. போன மாசம் நான் சுருண்டு படுத்திருந்தபோது என்னம்மா என்றான். "பீரியட்ஸ்டா, வலிக்குது" என்று சொல்லிவிட்டேன். திருதிருவென்று முழித்தான். அப்புறம் போய் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தான். பாத்திரத்தைத் தீய விட்டான், அது வேறு விஷயம்.

சார், அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாளா? அதைச் சொல்லவே இல்லையே.

கெடிலக்கரை | புதன், காலை 7:20

இன்னும் வரவில்லை அக்கா. வகுப்பாசிரியை இன்று வீட்டுக்குப் போகிறார்.

பாகூர் சாருக்கு: நீங்கள் கேட்டதில் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பது நூற்றுக்கு நூறு நியாயம். எனக்கு அது தோன்றவே இல்லை. தலைமையாசிரியையிடம் சொன்னேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் என்ன பேசப்போகிறோம் என்று பெற்றோர்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறோம். நாளைய வகுப்புக்கு மட்டும் அவரே பையன்களின் வீடுகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். இரண்டு அப்பாக்கள் "நல்லது" என்றார்களாம். ஒருவர் "எனக்கே யாரும் சொன்னதில்லை, நானும் வந்து உட்காரலாமா?" என்றாராம்.

மஞ்சக்குப்பம்_கோர்ட் | புதன், மதியம் 2:10

வக்கீல். ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். பையன்கள் இதில் மாட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம், 2012-ல் வந்தது. அதன்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தை, ஆணும் பெண்ணும். சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பதினேழு வயசுக் காதல், ஓடிப்போனார்கள், பெண் வீட்டார் புகார் என்று வருகிற வழக்குகள் ஏராளம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் அப்படி ஒரு வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவக் காதலைத் தண்டிக்க வந்த சட்டமல்ல இது என்று எழுதினார். ஆனால் சட்டம் மாறவில்லை. அந்தப் பையனின் படிப்பு அதற்குள் போய்விட்டிருக்கும்.

போன் விஷயம் இன்னும் சீரியஸ். கூடப் படிக்கிற பெண்ணின் படத்தை வைத்திருப்பதும் ஃபார்வர்டு செய்வதும் "விளையாட்டு" என்று நினைக்கிறார்கள். குழந்தைகளைப் பாலியலாகக் காட்டும் படமோ வீடியோவோ போனில் இருந்து, அதை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தாலே போக்சோ 15-ஆம் பிரிவில் வரலாம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. சென்னையிலிருந்து போன வழக்குதான். அதே தீர்ப்பில், பாலியல் கல்வி மேல்நாட்டுச் சரக்கு, பிள்ளைகளைக் கெடுக்கும் என்பதெல்லாம் தவறான எண்ணம் என்றும் இருக்கிறது. பாகூர் சார் நேரம் கிடைத்தால் பாருங்கள்.

கெடிலக்கரை | வெள்ளி, இரவு 11:04

எடுத்தேன்.

38 பையன்கள். பி.டி. வாத்தியார், "சத்தம் போடாம பாத்துக்கிறேன்" என்று கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதல் சிரிப்பே அவருடையதுதான்.

பலகையில் "மாதவிடாய்" என்று எழுதி, நோட்டில் எழுதச் சொன்னேன். கொல்லென்று சிரிப்பு. மறுபடி வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். செவிலியர் அக்கா சொன்னது சரிதான், மூன்றாவது தடவை சாதாரணச் சொல்லாகிவிட்டது, "ஒளிச்சேர்க்கை" மாதிரி. ஒரு புது நாப்கினைப் பிரித்து மேஜையில் வைத்தேன். பலகை துடைத்தவனையே கூப்பிட்டு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொன்னேன். உறிஞ்சுகிறது, உறிஞ்சுகிறது, கீழே சொட்டவில்லை. "இவ்வளவு வருமா சார்?" என்றான். இவ்வளவு ஒரேயடியாக வராது, நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும், அதோடுதான் அவங்க கபடி ஆடுறாங்க, பரீட்சை எழுதுறாங்க என்றேன். அவன் டம்ளரைக் கீழே வைக்காமலே போய் உட்கார்ந்தான்.

முந்திரித்தோப்புத் தம்பியின் ஒரே வரியை அப்படியே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். விதை முறுக்கு விஷயத்தையும் சொன்னேன். அங்கே வலித்தால் ராத்திரி ரெண்டு மணியானாலும் எழுப்பிச் சொல்லணும், வெட்கம் காலையில் பட்டுக்கலாம்.

சாக்பீஸ் டப்பாவில் சீட்டுகள். சிலதை இங்கே தருகிறேன்.

"தோனி எப்ப ரிட்டையர் ஆவார்"

"கொசு கடிச்சா எய்ட்ஸ் வருமா" (வராது என்றேன். எச்.ஐ.வி. சோதனை அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இலவசம் என்றும் சொன்னேன்.)

"எனக்கு மட்டும் குரல் உடையல மீசை வரல நான் ஆம்பளதானா" (உடம்பு ஆளுக்கு ஆள் நேரம் எடுத்துக்கொள்ளும், ஒன்பது வயசில் ஆரம்பிக்கிறவனும் உண்டு, பதினாலில் ஆரம்பிக்கிறவனும் உண்டு.)

"நீல மாத்திரை சாப்டா கொழந்த பொறக்காதாமே" (இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான். இது வாரா வாரம் வரும் வதந்தி.)

"எங்க அக்கா ஏன் மூணு நாள் திண்ணைல படுக்குது. மழ பேஞ்சாலும் படுக்குது"

ஆனால் இங்கே திரும்பி வந்தது வேறொரு சீட்டுக்காக. அதை வகுப்பில் படிக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவரைப் பற்றி. "யார்கிட்ட சொல்றது" என்று முடிகிறது. கையெழுத்து எனக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறது. வக்கீல் சார், என்ன செய்யணும்?

மஞ்சக்குப்பம்_கோர்ட் | வெள்ளி, இரவு 11:21

அந்தச் சீட்டின் வாசகத்தை இதற்கு மேல் இங்கே எழுதாதீர்கள். ஸ்டாஃப் ரூமிலும் காட்டாதீர்கள்.

சந்தேகம் வந்தாலே தகவல் சொல்லியாக வேண்டும், போக்சோ 19-ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் உங்களுக்கு ஆறு மாதம் வரை சிறை. நிரூபிப்பது உங்கள் வேலையில்லை. பையனைத் தோண்டித் துருவாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பஞ்சாயத்து வேண்டவே வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு இப்போதே போடுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். பையனிடம் சொல்ல வேண்டியது இரண்டுதான். உன்னை நம்புகிறேன், தப்பு உன்னுடையது இல்லை. போலீஸ் வந்தாலும் யூனிஃபார்மில் வரக்கூடாது, அவன் விரும்புகிற இடத்தில்தான் கேட்க வேண்டும். அதைச் சொன்னால் பாதி பயம் போகும்.

பையனுக்கு இப்படி நடக்குமா என்று யாராவது இழுப்பார்கள். 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. பாலியல் தொல்லை நடந்தது என்றவர்களில் பாதிக்கு மேல் பையன்கள்.

கெடிலக்கரை | சனி, காலை 8:50

பேசிவிட்டேன். இது பற்றி இனி இங்கே எழுத மாட்டேன்.

அலையோரம் அக்காவுக்கு: அந்தப் பெண் நேற்று வந்தாள். துடைத்தவன் அவள் பெஞ்சுக்குப் போய் ஏதோ சொன்னான். அவள் பதிலுக்கு, "போடா" என்றாள். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளலாமா தெரியவில்லை.

பாகூர்அப்பா | ஞாயிறு, மாலை 6:30

இரண்டு நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து பையன் முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை. இன்று கன்னியகோயில் வரை போகணும் என்று பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். முகம் தெரியாதில்லையா. பாதி வழியில் ஆரம்பித்தேன், தூக்கத்தில் இப்படி ஆகும், பயப்படாதே என்று. விதை முறுக்கு விஷயத்தையும் சொன்னேன். ஒரு கிலோமீட்டருக்குச் சத்தமே இல்லை. அப்புறம், "அப்பா, எதிர்ல லாரி வருது, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றான். திரும்பி வரும்போது அவனே, "முறுக்குன்னீங்களே, அது எந்தப் பக்கம் வேணா வருமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. வருமா சிஸ்டர்?

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 7:15

எந்தப் பக்கமும் வரலாம் அண்ணே. இடது பக்கம் கொஞ்சம் அதிகம்.

கெடிலக்கரை சார், பெற்றோர் கூட்டம் என்றைக்கு? எனக்கு வியாழன் ஆஃப். புதுச்சேரியிலிருந்து உங்கள் ஊருக்கு எந்த பஸ் என்று மட்டும் தனிச்செய்தியில் போடுங்கள்.